மழையில் தோற்றவர் மழையின் ராஜா ஆனது எப்படி? அயர்டன் சென்னா வாழ்க்கை சொல்லும் டிரைவிங் பாடம்

மழை நாளில் கார் ஓட்டியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது தேங்கிய தண்ணீர் மேல் டயர் ஏறும். ஒரே நொடிதான். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். கார் நம் பேச்சைக் கேட்காமல் மிதக்கும். அடிவயிறு கலங்கும். அடுத்த நொடி டயர் மறுபடி சாலையைப் பிடித்துவிட்டால், எதுவுமே நடக்காத மாதிரி பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டு போய்விடுவோம்.

அந்த ஒரு நொடியில் என்ன செய்யணும்னு நமக்கு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா? ஆர்டிஓ மைதானத்தில் மெதுவாக ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கினோம். கார் சறுக்கினால் எப்படி இருக்கும், முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நம்மில் பலர் முதன்முதலில் தெரிந்துகொள்வது நெடுஞ்சாலையில், எதிரே லாரி வரும்போதுதான்.

இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் டிராக் டே என்ற ஒன்று இருக்கிறது. பந்தய டிராக்கை ஒரு நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். உங்கள் வண்டியை நீங்களே ஓட்டலாம். எதிரே வண்டி வராது, ஆட்டோ குறுக்கே புகாது, நாய் ஓடாது. பக்கத்தில் பயிற்சியாளர் இருப்பார். வண்டியின் எல்லை எது, நம் எல்லை எது என்று தப்பு செய்து பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

தப்பு செய்யக்கூடிய இடத்தில் போய்த் தப்பு செய்து கற்றுக்கொள்வது என்பதற்கு உலகம் அறிந்த பெரிய உதாரணம் பிரேசிலின் அயர்டன் சென்னா. மூன்று முறை ஃபார்முலா ஒன் உலக சாம்பியன். 1994-ல், 34 வயதில், பந்தயத்தின் நடுவே இறந்துபோனார். பிறவித் திறமை, அசாத்திய துணிச்சல் என்றுதான் அவரைப் பற்றிப் பொதுவாகச் சொல்வார்கள். அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது.

படியேறத் தடுமாறிய குழந்தை

சென்னா பிறந்தது 1960 மார்ச் 21, பிரேசிலின் சாவ் பாலோ நகரில். அப்பா மில்டன் ட சில்வா வாகன உதிரிபாகத் தொழிற்சாலையும் பண்ணைகளும் வைத்திருந்தவர். வசதியான குடும்பம். அம்மா நெய்டே. சென்னா என்பது அம்மா வழிப் பெயர். ஒரு அக்கா, ஒரு தம்பி.

மூன்று வயதில் குழந்தைக்குக் கை, கால் ஒத்துழைக்கவில்லை. படியேறவே தடுமாறினான். பெற்றோர் பயந்துபோய் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை வரைக்கும் போனார்கள். குறை ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. நான்கு வயதில் அப்பா ஒரு சின்ன கார்ட் செய்து கொடுத்தார். புல்வெட்டும் இயந்திரத்தின் இன்ஜின், ஒரே ஒரு குதிரைத்திறன். நடக்கும்போது தடுமாறிய பிள்ளை, சக்கரத்தின் பின்னால் உட்கார்ந்ததும் நிதானமாகிவிட்டான். ஏழு வயதில் பண்ணையில் ஜீப் ஓட்டினான். கிளட்ச்சை மிதிக்காமலேயே இன்ஜின் சத்தத்தைக் கேட்டு கியர் மாற்றக் கற்றுக்கொண்டான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பணம் இல்லாத வீட்டில் இது நடந்திருக்காது. பண்ணை நிலம் என்ற தனி இடம் அந்தப் பையனுக்கு நான்கு வயதிலேயே கிடைத்தது. விழுந்தாலும் அடிபடாத இடம் அவனுக்கு இருந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை.

மழையில் தோற்ற நாள்

13 வயதில், 1973-ல், சாவ் பாலோவின் இன்டர்லாகோஸ் டிராக்கில் சென்னா முதல் கார்ட் பந்தயத்தில் இறங்கினார். காய்ந்த தரையில் வேகத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் ஆரம்ப நாட்களில் மழையில் நடந்த ஒரு பந்தயத்தில் மோசமாகச் சொதப்பினார். மற்ற பையன்கள் சர்வசாதாரணமாக அவரைக் கடந்து போனார்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியம்தான் இந்தக் கதையின் மையம். மழை பெய்யும் போதெல்லாம் கார்ட்டை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பினார். மற்றவர்கள் வண்டியை மூடிவைத்துவிட்டு வீட்டுக்குள் போகும் நேரத்தில், இவர் மணிக்கணக்கில் வெளியே. சறுக்கினார். சுழன்றார். எந்த இடத்தில் பிடிமானம் இருக்கிறது, எங்கே இல்லை என்று தடவிப் பார்க்கிற மாதிரி ஓட்டிப் பார்த்தார்.

மழையில் கற்றுக்கொள்ள அப்படி என்ன இருக்கிறது? நிறைய. காய்ந்த டிராக்கில் எல்லோரும் ஓட்டும் வழியில் டயர் ரப்பர் படிந்திருக்கும். வெயிலில் அது நல்ல பிடிமானம் தரும். மழை விழுந்தால் அதே ரப்பர் படலம் சோப்பு போட்ட தரை மாதிரி வழுக்கும். அதனால் மழையில் வேகமான வழி வேறு. யாரும் வழக்கமாகப் போகாத சொரசொரப்பான ஓரம்தான் காப்பாற்றும். இதைப் படித்தும் தெரிந்துகொள்ளலாம். ஆனால் உட்காரும் இடத்திலும் உள்ளங்கையிலும் அந்த வித்தியாசம் பதிய வேண்டுமென்றால் நூறு தடவை சறுக்கியாக வேண்டும். நம்ம சாலைக்கும் இது பொருந்தும். வெயில் நாட்களுக்குப் பிறகு வரும் முதல் மழையில்தான் சாலை அதிகம் வழுக்கும். படிந்த எண்ணெயும் தூசும் தண்ணீரோடு கலந்துவிடுகின்றன.

1977-ல் தென் அமெரிக்க கார்ட் சாம்பியன். உலக கார்ட் பட்டம் மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. 1979, 1980 இரண்டு வருடமும் இரண்டாம் இடம். 1981-ல் இங்கிலாந்து போய் ஃபார்முலா ஃபோர்டு பட்டங்களை வென்றார். அந்த வருடக் கடைசியில், குடும்பத் தொழிலைப் பார்க்க வா என்ற வீட்டு நெருக்கடியில், ஓட்டுவதையே விடுவதாக அறிவித்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். மனசு கேட்கவில்லை. அடுத்த வருடமே மறுபடி இங்கிலாந்து. 1983-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ சாம்பியன். 1984-ல் டோல்மேன் என்ற சின்ன அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர்.

உலகம் திரும்பிப் பார்த்த மழை

1984 ஜூன் 3, மொனாக்கோ. நகரத்துச் சாலைகளே அங்கே டிராக். இரு பக்கமும் இரும்புத் தடுப்பு. தப்பு செய்தால் ஒதுங்க இடம் கிடையாது. கொட்டும் மழை. 13-வது இடத்திலிருந்து கிளம்பிய 24 வயது சென்னா, ஒவ்வொருவராகக் கடந்து இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார். முன்னால் போய்க்கொண்டிருந்தது பிரான்ஸின் அலன் புரோஸ்ட். இடைவெளி வேகமாகக் குறைந்துகொண்டே வந்தபோது, மழை காரணமாகப் பந்தயம் நிறுத்தப்பட்டது. கணக்கில் எடுக்கப்பட்டது 31 சுற்றுகள். வென்றது புரோஸ்ட், பேசப்பட்டது சென்னா.

அடுத்த வருடம் லோட்டஸ் அணி. 1985 ஏப்ரல் 21, போர்ச்சுகலின் எஸ்டோரில். மறுபடி மழை. அன்றுதான் சென்னாவின் முதல் ஃபார்முலா ஒன் வெற்றி. இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் இடைவெளி. மற்ற எல்லோரும் ஒரு சுற்றாவது பின்தங்கியிருந்தார்கள்.

அந்தப் பந்தயத்தில் ஒரு கட்டத்தில் அவர் கார் புல்தரைக்குப் போய்த் திரும்பவும் டிராக்குக்கு வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் அடடா, என்ன கட்டுப்பாடு என்று வியந்தார்கள். சென்னா பின்னாளில் அதை மறுத்தார். நான்கு சக்கரமும் புல்லில் இருந்தபோது கார் தன் கட்டுப்பாட்டிலேயே இல்லை என்றும், திரும்பி வந்தது வெறும் அதிர்ஷ்டம் என்றும் ஒப்புக்கொண்டார். ஊரே பாராட்டும்போது அது என் திறமை இல்லை என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? ஆனால் பாதுகாப்பான ஓட்டுநர் என்றால் இந்தக் கணக்கு மனதுக்குள் ஓடியே ஆகணும். நேற்று நாம் தப்பித்தது திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா? இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்தான் அடுத்த முறை மாட்டுகிறார்.

சில மில்லிமீட்டர் நகர்ந்த சுவர்

டோல்மேன் நாட்களிலிருந்து இன்னொரு சம்பவம். 1984, அமெரிக்காவின் டல்லஸ். சென்னா கான்கிரீட் சுவரில் இடித்துவிட்டார். தன் கணக்கு தப்பாது, சுவர்தான் நகர்ந்திருக்கிறது என்று அடித்துச் சொன்னார். அவருடைய இன்ஜினீயர் பாட் சைமண்ட்ஸுக்கு நம்பிக்கை வரவில்லை. கான்கிரீட் சுவர் எப்படி நகரும்? இருந்தாலும் இருவரும் நடந்து போய்ப் பார்த்தார்கள். வேறு யாரோ முன்னதாக மோதியதில் அந்த கான்கிரீட் பாளத்தின் முனை சில மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது. சைமண்ட்ஸ் இதைப் பல வருடங்கள் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், அதே இடைவெளியில் காரைக் கொண்டுபோன ஒருவரால்தான் இப்படிச் சொல்ல முடியும். அவருடைய திறமையின் பெரும்பகுதி கண்ணிலும் கவனத்திலும் இருந்தது. ஓட்டி முடித்த பிறகும் இன்ஜினீயர்களோடு உட்கார்ந்து, எந்த வளைவில் கார் என்ன செய்தது என்று நெடுநேரம் பேசிக்கொண்டே இருப்பார்.

சரி, டிராக்கில் உடம்பு கற்றுக்கொள்வது என்ன?

காரையும் சாலையையும் இணைப்பது நான்கே நான்கு ரப்பர் துண்டுகள். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய உள்ளங்கை அளவு. பிரேக் பிடிப்பது, திரும்புவது, வேகமெடுப்பது எல்லாமே அந்தப் பிடிமானத்தை வைத்துத்தான்.

மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற பிடிமானம் அவ்வளவுதான். முழுவதையும் பிரேக்குக்கே செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. அதனால்தான் எந்த டிராக்கிலும் முதல் பாடம் இது: வளைவுக்கு முன்பே, நேராகப் போகும்போதே பிரேக் பிடித்து முடி. அப்புறம் திரும்பு. வளைவின் நடுவில் பயந்து பிரேக்கை அழுத்தினால் கார் நேராக வெளியே போகும், அல்லது பின்பக்கம் சுழலும்.

இரண்டாவது, பார்வை. கார் சறுக்கும்போது எதில் மோதிவிடுவோமோ அதையே பார்ப்பது மனித இயல்பு. கண் போகும் திசைக்குத்தான் கையும் போகும். தடுப்புச் சுவரைப் பார்க்காமல், போக வேண்டிய வழியைப் பார்க்கப் பழக்க வேண்டும். சொல்லும்போது சுலபம், செய்யும்போது உடம்பு கேட்காது.

மூன்றாவது, பிரேக்கை உண்மையாகவே முழு பலத்தோடு மிதிப்பது. ஏபிஎஸ் உள்ள காரில் அப்படி மிதித்தால் பெடல் தடதடவென்று அதிரும். அது கோளாறு கிடையாது, கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் அதை முன்பின் அனுபவிக்காதவர்கள் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். மூடிய டிராக்கில் ஒரே ஒரு காலைப்பொழுது பழகினால் இந்தப் பயம் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் அங்கே கண்ணால் பார்க்கலாம்.

ஆரம்பத்தில் சொன்னோமே, தண்ணீரில் மிதந்த அந்த ஒரு நொடி? சட்டென்று பிரேக் அடிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பவும் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி, டயர் சாலையைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

மொனாக்கோ 1988: ஒரு சனி, ஒரு ஞாயிறு

நம்பிக்கை வளர்வது நல்லது. அது எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னாவிடமே உதாரணம் இருக்கிறது.

1988-ல் மெக்லாரன் அணியில் அவரும் புரோஸ்டும் ஒன்றாக ஓட்டினார்கள். அந்த வருடம் நடந்த 16 பந்தயங்களில் 15-ஐ இருவரும் சேர்ந்து வென்றார்கள். மொனாக்கோ தகுதிச் சுற்றில் சென்னா புரோஸ்டைவிட 1.4 நொடிக்கும் மேல் வேகம். அதே கார், அதே டயர். நொடியில் நூறில் ஒரு பங்குக்குப் போராடும் விளையாட்டில் இது நம்ப முடியாத வித்தியாசம்.

அந்தச் சுற்றுகளின்போது தான் யோசித்து ஓட்டவில்லை என்றும், ஏதோ சுரங்கத்துக்குள் போவதுபோல இருந்தது என்றும் சென்னா பின்னர் விவரித்தார். திடீரென்று சுயநினைவு வந்த மாதிரி உணர்ந்தபோது அவருக்குப் பயம் வந்தது. மெதுவாக ஓட்டி பிட்ஸுக்குத் திரும்பினார். அன்று அதற்கு மேல் ஓட்டவில்லை. தன் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று உணர்ந்து நிறுத்தியது அந்தச் சனிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி முடிந்தது. ஏறக்குறைய 50 நொடி முன்னிலையில் இருந்தார். ஜெயித்தாச்சு, நிதானமாகப் போ என்று அணியிலிருந்து தகவல் வந்தது. வேகத்தைக் குறைத்தார். 67-வது சுற்றில், சுரங்கப்பாதைக்கு முந்தைய வளைவில் தடுப்பில் இடித்தார். கதை முடிந்தது. பிட்ஸுக்குக்கூடத் திரும்பாமல் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். பல மணி நேரம் யாருக்கும் பதில் இல்லை.

உச்ச வேகத்தில் நடக்காத தப்பு, வேகத்தைக் குறைத்தபோது நடந்தது. காரணம் கவனம் கலைந்தது. நீண்ட பயணத்தில் வீட்டுக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது போனை எடுத்துப் பார்ப்போமே, அந்த இடம் இது. அந்தத் தோல்வியை சென்னா மறைக்கவில்லை, பல முறை அதைப் பற்றிப் பேசினார். 1989 முதல் 1993 வரை மொனாக்கோவில் ஐந்து வருடமும் அவரே வென்றார்.

கறுப்புப் பக்கமும் உண்டு

சென்னாவை மகானாக்கிவிட வேண்டாம். 1989-ல் ஜப்பானின் சுசுகாவில் அவரும் புரோஸ்டும் மோதிக்கொண்டார்கள். வளைந்து வளைந்து போன சர்ச்சையின் முடிவில் சென்னா தகுதிநீக்கம் செய்யப்பட்டார், பட்டம் புரோஸ்டுக்குப் போனது. 1990-ல் அதே சுசுகா. முதல் வளைவிலேயே சென்னா காரை விலக்காமல் உள்ளே விட்டார். இருவரும் அதிவேகத்தில் வெளியே போனார்கள். பட்டம் சென்னாவுக்கு. அது தெரிந்தே செய்தது என்று அடுத்த வருடம் அவரே ஒப்புக்கொண்டார்.

இருவரும் உயிரோடு எழுந்து வந்தது நல்வாய்ப்பு. எவ்வளவு பயிற்சி இருந்தாலும் கோபம் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி. ஹாரன் அடித்தவனுக்குப் பாடம் சொல்லித்தர முறைத்துக்கொண்டு ஓட்டும் நமக்கும் சேர்த்துத்தான்.

காரை நிறுத்திவிட்டு ஓடியவர்

அதே 1990-ல், ஸ்பெயினின் ஹெரெஸ் டிராக்கில் மார்ட்டின் டானெலியின் கார் சுக்குநூறானது. அவர் டிராக்கின் நடுவில் கிடந்தார். சென்னா அந்த இடத்துக்கே போய், மருத்துவர் சிட் வாட்கின்ஸ் சிகிச்சை அளிப்பதை நின்று பார்த்தார். பிறகு வாட்கின்ஸிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். டானெலி பிழைத்தார்.

1992-ல் பெல்ஜியத்தின் ஸ்பா. பயிற்சியின்போது எரிக் கோமாஸின் கார் மோதி நின்றது. கோமாஸ் மயக்கத்தில். கால் ஆக்சிலேட்டரில் அழுந்தியபடி இன்ஜின் அலறிக்கொண்டிருந்தது. எந்த நேரமும் தீப்பிடிக்கலாம். சென்னா தன் காரை நிறுத்தினார். மற்ற கார்கள் வந்துகொண்டிருந்த டிராக்கின் குறுக்கே ஓடினார். இன்ஜினை அணைத்தார். மருத்துவக் குழு வரும்வரை கோமாஸின் தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டார். கழுத்தை அசைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விபத்தில் அடிபட்டவரைக் கைகாலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போடும் பழக்கம் உள்ள நமக்கு, இந்தக் காட்சி மட்டுமே போதுமான பாடம்.

இமோலா: மூன்று நாட்கள்

1994-ல் சென்னா வில்லியம்ஸ் அணிக்கு மாறினார். ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் போன்ற மின்னணு உதவிகள் அந்த வருடம் தடை செய்யப்பட்டன. மூன்றாவது பந்தயம் இத்தாலியின் இமோலாவில்.

ஏப்ரல் 29, வெள்ளி: பிரேசில் இளைஞர் ரூபன்ஸ் பாரிசெல்லோவின் கார் பறந்து போய் மோதியது. அவர் தப்பித்தார். ஏப்ரல் 30, சனி: ஆஸ்திரியாவின் ரோலண்ட் ராட்ஸன்பெர்கர் தகுதிச் சுற்றில் மோதி இறந்தார். சென்னா ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு விபத்து நடந்த இடத்துக்குப் போனார். மனம் உடைந்திருந்த அவரிடம், எல்லாவற்றையும் விட்டுவிடு, மீன் பிடிக்கப் போகலாம் என்று வாட்கின்ஸ் சொல்லிப் பார்த்தார். தன்னால் நிறுத்த முடியாது என்றார் சென்னா.

மே 1, ஞாயிறு காலை. பாதுகாப்புக்காக ஓட்டுநர்கள் சங்கத்தை மறுபடி தொடங்குவது பற்றி சக ஓட்டுநர்களோடு பேசினார். பிற்பகல் பந்தயம். ஏழாவது சுற்றில், தம்புரெல்லோ என்ற வளைவில் கார் திரும்பவில்லை. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்த கார் டிராக்கை விட்டு விலகியது. இருந்த சொற்ப நேரத்தில் பிரேக் பிடித்தும், 200-க்கு மேற்பட்ட வேகத்தில் கான்கிரீட் சுவரில் மோதியது. உடைந்த சஸ்பென்ஷன் துண்டு ஹெல்மெட்டைத் துளைத்தது. போலோன்யா மருத்துவமனையில் அவர் இறந்தார். ஸ்டீயரிங் தண்டு உடைந்ததுதான் காரணமா என்ற வழக்கு இத்தாலிய நீதிமன்றங்களில் பல வருடங்கள் நடந்தது.

காருக்குள் ஒரு ஆஸ்திரியக் கொடி இருந்தது. பந்தயம் முடிந்ததும் ராட்ஸன்பெர்கர் நினைவாக உயர்த்திக் காட்ட எடுத்துவைத்திருந்தார். பந்தயம் நிறுத்தப்பட்டிருந்த நேரத்தில், குழப்பத்தில் டிராக்குக்குள் வந்துவிட்ட ஓட்டுநர் ஒருவர் விபத்துக் காட்சியைப் பார்க்க நேர்ந்தது. அவர் எரிக் கோமாஸ். அதற்கு மேல் அவரால் அன்று ஓட்ட முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1989-ல் இதே தம்புரெல்லோவில் கெர்ஹார்ட் பெர்கர் மோதி, கார் தீப்பிடித்தது. பிறகு அவரும் சென்னாவும் அந்தச் சுவரைப் போய்ப் பார்த்தார்கள். பின்னால் ஆறு ஓடியதால் சுவரைத் தள்ளிக் கட்ட வழியில்லை என்று திரும்பி வந்துவிட்டார்கள். சென்னா இறந்த பிறகு அதே வளைவு, வேகத்தைக் குறைக்கும்படி மாற்றிக் கட்டப்பட்டது. முடியாது என்று நினைத்தது ஒரு வருடத்துக்குள் முடிந்தது.

உங்கள் கார் ஸ்டாருக்கும் இமோலாவுக்கும் என்ன சம்பந்தம்?

பிரேசில் மூன்று நாள் துக்கம் அனுசரித்தது. சாவ் பாலோ தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். அக்கா விவியானே அதே வருடம் தொடங்கிய அயர்டன் சென்னா அறக்கட்டளை, பிரேசில் குழந்தைகளின் கல்விக்காக இன்றும் வேலை செய்கிறது.

ஃபார்முலா ஒன்னும் மாறியது. வாட்கின்ஸ் தலைமையில் நிபுணர் குழு அமைந்தது. டிராக்குகள், தடுப்புகள், ஓட்டுநர் அமரும் பகுதி, கழுத்துக் காப்பு என்று எல்லாம் மாறின. ஓட்டுநர்கள் சங்கம் சில நாட்களிலேயே மறுபடி உயிர் பெற்றது. இமோலாவுக்குப் பிறகு, 2014-ல் ஜப்பான் மழையில் மோதிய ஜூல்ஸ் பியான்கி மறுவருடம் இறக்கும்வரை, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டுநர் யாரும் உயிரிழக்கவில்லை.

அந்த மாற்றம் சாலைக்கும் வந்தது. அப்போது உலக மோட்டார் சம்மேளனத்தின் தலைவராக இருந்த மேக்ஸ் மோஸ்லி, இமோலாவின் அதிர்ச்சிக்குப் பிறகு சாதாரண கார்களின் பாதுகாப்பிலும் இறங்கினார். கார்களை மோதவிட்டு ஸ்டார் கொடுக்கும் யூரோ என்கேப் 1997-ல் செயல்படத் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். பிறகு குளோபல் என்கேப் வந்தது. 2014-ல் அது இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களைச் சோதித்தபோது ஐந்துக்கும் பூஜ்ஜிய ஸ்டார். அந்த அதிர்ச்சிதான் இங்கே பேச்சைத் தொடங்கி வைத்தது. 2023-ல் பாரத் என்கேப் வந்தது. இன்று ஷோரூமில் நாம் கேட்கும் எத்தனை ஸ்டார் என்ற கேள்வியின் ஒரு வேர் தம்புரெல்லோவில் இருக்கிறது.

நமக்கும் அவருக்கும் நடுவே

சென்னைக்கும் சென்னாவுக்கும் சின்னதாக ஒரு தொடர்பு உண்டு. அவருடைய அக்கா மகன் புரூனோ சென்னா 2010-ல் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தபோது, அதே அணியில் சக ஓட்டுநராக அறிமுகமானவர் சென்னைக்காரரான கருண் சந்தோக். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் பந்தய டிராக்குகள் இருப்பதும் நமக்குத் தெரிந்ததுதான்.

டிராக்குக்குப் போய்வந்தால் எல்லோரும் பத்திரமாக ஓட்டிவிடுவார்களா? இல்லை. கார் மீது கட்டுப்பாடு வந்துவிட்டது என்ற நினைப்பே சிலரைச் சாலையில் வேகமாக ஓட்ட வைக்கும். அங்கே கற்ற வேகத்தை அங்கேயே விட்டுவிட்டு, அங்கே கற்ற கவனத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால்தான் பிரயோஜனம். டிராக்கில் தப்பு செய்தால் சரளைக்கல் பரப்பு கார் வேகத்தைக் குறைக்கும், சில அடி தள்ளி மருத்துவ வண்டி நிற்கும். சாலையில் அந்த இடத்தில் மின்கம்பம் இருக்கும், அல்லது பள்ளி விட்டு வரும் குழந்தை இருக்கும். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக அரசு அறிக்கை சொல்கிறது.

சென்னாவின் வாழ்க்கையில் இரண்டு பாதியும் இருக்கின்றன. தப்பு செய்ய இடம் இருந்தவரை, ஒவ்வொரு தப்பும் அவரை வளர்த்தது. மழையில் தோற்ற சிறுவன் மழையின் ராஜா ஆனான். அந்த இடம் இல்லாமல்போன ஒரு வளைவில், உலகத்தின் ஆகச் சிறந்த ஓட்டுநர் என்ற பெயரும் அவரைக் காப்பாற்றவில்லை.

அடுத்த மழை நாளில் சாவியை எடுக்கும்போது, டயரின் வரிப்பள்ளம் தேய்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். முன்னால் போகும் வண்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளியே போங்கள். தப்பு நடந்தால் ஒதுங்க சாலையில் இடம் கிடையாது. நாம் விடும் அந்த இடைவெளிதான் நமக்கு இருக்கும் ஒரே இடம்.